கருக்களாச்சேரி முனை

24 ஜனவரி 1987, சனி

பள்ளிக்கூடக் கண்காட்சியில் அந்த அறைக்குள் இருந்தவர்கள்: புதுச்சேரியிலிருந்து வந்த அதிகாரி, தலைமையாசிரியை பங்கஜவல்லி, கம்ப்யூட்டர் வாத்தியார் சுவாமிநாதன், என் மகன் பூமிநாதன், மருமகள் நீலாயதாட்சி, பேத்தி அல்லி, நான். நாளைக்கு யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது என்றுதான் எழுதி வைக்கிறேன்.

அல்லி காரைக்கால் படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டிருந்தாள். அதில் கலர் வராது. அதனால் எல்லையைக் கோடாக இழுத்து, உள்ளே சாய்ந்த பட்டை நிரப்ப வேண்டும். புரோகிராம் முழுக்க அவள் எழுதியது. பூமிநாதன் இதைப் பார்த்துவிட்டுத்தான் அவளைப் புதுச்சேரிக்குக் கம்ப்யூட்டர் படிக்க அனுப்புவதா என்று சொல்வதாக இருந்தான்.

பட்டை அழகாகத்தான் ஏறியது. கடற்கரையில் கருக்களாச்சேரி கிட்டே வந்ததும் மடை உடைந்த மாதிரி வெளியே பாய்ந்தது. கடல், நாகூர்ப் பக்கம், எல்லாம் பட்டை.

"காரைக்கால் தமிழ்நாட்டையே முழுங்கிடுச்சேம்மா" என்றார் அதிகாரி. எல்லாரும் சிரித்தார்கள். பூமிநாதனும். சுவாமிநாதன் மட்டும் சிரிக்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் பூமிநாதன், அல்லியைப் பெண் கேட்ட தருமபுரத்துப் பையன் வீட்டுக்குச் சரி என்று சொல்லிவிடப் போவதாகச் சொன்னான்.

25, ஞாயிறு

அல்லி சாப்பிடவில்லை.

26, திங்கள்

என்னடி ஆச்சு என்று கேட்டேன். உள்ளே ஒரு புள்ளியைக் காட்டினால் பட்டை அங்கிருந்து பரவிக் கோட்டில் முட்டி நிற்குமாம். ஒரு கோடு முடிகிற இடத்தில்தான் அடுத்தது தொடங்க வேண்டும், இடைவெளி இருந்தால் வெளியே ஓடிவிடுமாம். "நான்தான் தப்பா எழுதிட்டேன் போலிருக்கு, அப்பாயி" என்றாள்.

எப்படித் தப்பாகும்? மார்கழி முழுக்க நான் குருணை புடைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அந்த எண்களைத்தானே ஒப்பித்தாள்? கருக்களாச்சேரிக் கோடு இருநூற்றுப் பத்து, தொண்ணூறு என்கிற புள்ளியில் முடியும். அடுத்ததும் அங்கேயே தொடங்கும். எனக்கு அர்த்தம் தெரியாது. காதில் விழுந்தது போகாது.

27, செவ்வாய்

அல்லியை இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். மெஷினில் இருப்பதை ஒவ்வொரு வரியாகப் படிக்கச் சொன்னேன். கருக்களாச்சேரிக் கோடு இருநூற்றுப் பத்துக்குப் பதில் இருநூறில் முடிகிறது!

சுவாமிநாதன் முகம் செத்துப்போனது. "கரை கோணலா தெரிஞ்சுச்சுங்க. பார்வைக்கு நல்லா இருக்கட்டுமேன்னு கண்காட்சி அன்னிக்குக் காலையில நான்தான் கொஞ்சம் உள்ள தள்ளினேன். அடுத்த கோட்டை மாத்த மறந்துட்டேன்."

தெரிந்தும் நின்றிருக்கிறான். அவ்வளவு பேர் சிரிக்கும்போது, பிள்ளை தலையைக் குனிந்து நிற்கும்போது.

எண்ணைத் திருத்தினான். பட்டை கரையில் முட்டி நின்றது. பார்க்க நாங்கள் மூன்று பேர்தான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவள் அப்பாவிடம் சொல்வதாகச் சொன்னான்.

28, புதன்

வரவில்லை.

30, வெள்ளி

நானே பூமிநாதனிடம் சொன்னேன். அவன் போய் வாத்தியாரிடம் கேட்டிருக்கிறான். "பாட்டிக்கு வயசாயிடுச்சு, எண்ணெல்லாம் குழம்பியிருக்கும்" என்றாராம்.

எனக்கா குழம்பும்? என் கல்யாணத்தில் எந்தப் பந்தியில் யாருக்கு அப்பளம் வைக்காமல் விட்டார்கள் என்று இன்றைக்கும் சொல்லுவேன்.

அல்லி சொன்னதும் எடுபடவில்லை. "நீயும் அப்பாயியும் சேர்ந்து கதை கட்டாதீங்க. வாத்தியார் பொய் சொல்லுவாரா?" என்கிறான் பூமிநாதன். தாம்பூலம் மாற்ற நாள் பார்த்தாகிவிட்டது.

7 ஜூன், ஞாயிறு

கல்யாணம் முடிந்தது. சுவாமிநாதன் வெள்ளிக் குங்குமச்சிமிழ் கொண்டுவந்தான். அல்லி அவன் காலில் விழுந்தாள். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

23 ஜனவரி 1988, சனி

வளைகாப்புக்கு வந்த அல்லி இங்கேதான் இருக்கிறாள். நீலாயதாட்சி இந்த வருஷக் கண்காட்சிக்குப் போய்வந்தாள். அதே காரைக்கால் படம், அதே பட்டை. வெளியே ஒழுகவில்லையாம், எல்லாரும் கை தட்டினார்களாம். கீழே சுவாமிநாதன் பெயர் வந்ததாம்.

அல்லி வளையல்களைத் தள்ளித் தள்ளி விட்டுக்கொண்டே கேட்டாள், "கருக்களாச்சேரி முனை எப்படிம்மா இருந்துச்சு?"

"கோணலாத்தான் இருந்துச்சு. ஆனா ஒட்டி இருந்துச்சு."

"அப்ப என் எண்ணுதான்" என்றாள்.

அதிகாரி வெளியூர்க்காரர், போகட்டும். பூமிநாதன் நான் பெற்றது, அவனையும் விட்டுவிட்டேன். மன்னிக்காதது ஒரே ஒருவனை. சுவாமிநாதன்.