இரண்டு தரம் மேலே வந்த மீன்

11 பெப்ரவரி 2007, ஞாயிறு

சாகெனே ஆற்றுப் பனிக்கட்டியில் துளையிட்டு மீன் பிடித்துவிட்டு மொன்றியல் திரும்பிவிட்டோம். அனுமதித்த அளவுக்கு மேல் பிடித்த ஒரு சிவப்பு மீனை ஆற்றிலேயே விடவேண்டியிருந்தது. ஆழத்திலிருந்து வந்ததால் கண் பிதுங்கி, வயிறு ஊதி மிதந்தது. மனைவியின் தம்பி ஈயம் கட்டிய கூடையைக் கவிழ்த்து, மீனை அதற்குள் விட்டு, ஆழத்துக்கு இறக்கச் சொல்லிக் கயிற்றை என்னிடம் தந்தான்.

"ஆழத்துக்குப் போனால் ஊதின வயிறு வத்தும். கயிறு சுண்டினால் அதுக்கு உயிர் வந்திட்டுது, அத்தான். தானாக் கீழாலை போகும். இழுக்காதேங்கோ."

கயிறு சுண்டியது. மன்னாரில் தூண்டில் போட்டுப் பழகிய கை, என்னைக் கேளாமல் இழுத்துவிட்டது. கூடைக்குள் அதே மீன், கண் இன்னும் பிதுங்கி என்னைப் பார்த்தது.

மறுபடி இறக்கினேன். இம்முறை கயிறு அசையவே இல்லை. மேலே எடுத்தபோது கூடை வெறுமையாக இருந்தது.

"போயிட்டுது," என்றான்.

இதை எழுதும்போது விரலில் கயிறு சுண்டுகிறது. இழுக்காமல் இருக்கிறேன்.