காலஞ்சென்ற என்ற ஒரு சொல்

என்ர அக்கா,

நாளையிண்டைக்கு நீ செத்து முப்பத்தொண்டாம் நாள். பரந்தன் வீட்டு முத்தத்தில பந்தல் போட்டாச்சு. செத்தவையின்ர கதையையும் குடும்பத்தையும் பாட்டாய் அச்சடிச்சு, வாற சனத்துக்குக் கையில குடுக்கிற கல்வெட்டுப் புத்தகம் மட்டும் அச்சுக்குப் போகாமல் கிடந்தது. ஊரில விழுந்த சாவு எல்லாத்துக்கும் கல்வெட்டுப் பாட்டு எழுதினவள் நீ. உனக்கு எழுத ஆளில்லை, கடைசியில நான்தான் குந்தினன்.

அந்த வேலையில உனக்கு எவ்வளவு ஆத்திரம் எண்டு எனக்குத் தெரியும். செல் குண்டு விழுந்து செத்தவருக்கு விதி அழைத்தது எண்டு எழுதச் சொல்லுவினம். முகாமில மருந்தில்லாமல் செத்த கிழவிக்கு முதுமை எய்தினார் எண்டு. உண்மையை எழுதினால் வீட்டுக்காரருக்குப் பயம், அச்சகக்காரருக்கு அதைவிடப் பயம். எங்கட சனத்தின்ர வரலாறு இந்தப் புத்தகங்களுக்குள்ளதான் கிடக்கு, அதிலயும் பாதி பொய் எண்டு புறுபுறுத்துக்கொண்டுதான் எழுதிக் குடுப்பாய். மண்டபம் பிடிச்சுப் போர் இலக்கியம் பற்றிப் பேசுறவை இதுகளை ஒருநாளும் இலக்கியமாய் எண்ணினதில்லை. இனி எண்ணினாலும் என்ன வரப்போகுது?

பாட்டு ஒருமாதிரி வந்திட்டுது. பிள்ளையளின்ர பேரை எழுதேக்கதான் கை நிண்டிட்டுது. உயிரோட இருக்கிற பிள்ளையெண்டால் வெறும் பேர் போதும். இல்லாத பிள்ளையெண்டால் முன்னுக்குக் 'காலஞ்சென்ற' எண்டு போடவேணும். உன்ர ரூபனுக்கு என்னத்தைப் போடுறது? சண்டை முடிஞ்சண்டு, விசாரிச்சுப்போட்டு விடுவம் எண்டதை நம்பி, ஆமியிட்ட நீயே கையைப் பிடிச்சுக் குடுத்த பிள்ளை. மரணச் சான்றிதழ் தாறம் எண்டு அரசாங்கத்தில இருந்து வந்தவையைத் துரத்திவிட்டிட்டு, அவன்ர படத்தை மடியில வைச்சுக்கொண்டு காணாமல் போன பிள்ளையளின்ர தாய்மாரோட கிளிநொச்சி றோட்டோரப் போராட்டக் கொட்டிலில வருசக்கணக்காய் இருந்தவள் நீ. நான் வெறும் பேரைத்தான் எழுதினன்.

அத்தான் வாங்கிப் பார்த்தார். அந்த மனுசன் ஒருநாளும் கொட்டில் பக்கம் வந்ததில்லை, ரூபன்ர கதை எடுத்தால் வயலுக்கு எழும்பிப் போயிடுவார். 'காலஞ்சென்ற' எண்டு போடு பிள்ளை எண்டார். எனக்கு வந்த கோபம்! அக்கா சாகுமட்டும் ஒத்துக்கொள்ளாததை நீங்கள் அச்சடிச்சுக் குடுக்கப்போறியளோ எண்டு வாய்க்கு வந்தபடி கத்தினன். எழுதின தாளைக் கதிரையில வைச்சார். பிறகு சொன்னார்:

"அவன் உயிரோட இருக்கிறான் எண்டு எழுதினால், அவள் அங்க தனியவெல்லே இருப்பாள்."

ஒரு பிள்ளையின்ர சாவை ஆசைப்படுற அளவுக்கு ஒரு தகப்பனைக் கொண்டுவந்து விட்டிட்டாங்கள்.

அந்தச் சொல்லை என்ர கையாலதான் எழுதினன். இண்டைக்குக் காலமை அச்சகத்தில குடுத்திட்டன். நீ என்னை ஏசுறியோ? இல்லை, அவனைக் கண்டிட்டியோ? கனவிலயெண்டாலும் வந்து சொல்லன்.

உன்ர அந்தியேட்டிக் கிரியை முடியக் கொட்டிலில உன்ர இடத்தில போய் இருப்பன். அங்க இருந்த தாய்மார் ஒவ்வொருத்தராய்ச் செத்துக்கொண்டு போகினம், கேக்க ஆளில்லாமல் போகட்டும் எண்டுதான் பெரிய இடத்தில பாத்துக்கொண்டிருக்கினம். ஒருதரும் பதில் சொல்லப்போறதில்லை, அது எனக்குத் தெரியும். அவன் செத்திட்டான் எண்டு எழுதின கையாலயே, அவன் எங்க எண்டு கேக்கிற மட்டையைப் பிடிப்பன். இதில எது பொய் எண்டு எனக்கு விளங்கேல்லை. ஆனாலும் இருப்பன், அக்கா.

உன்ர தங்கச்சியும் ரூபன்ர சித்தியுமான
வசந்தி