ஜூட்சன் கட்டிய பாட்டு

டிசம்பர் 3, செவ்வாய்

கடையில் இன்றைக்கு அந்த இங்கிலீஷ் கிறிஸ்மஸ் மணிப் பாட்டு பதினொரு தடவை ஓடியது. ஹட்டன் பஜாரில் எந்தத் துணிக்கடையில் ஏறினாலும் அதேதான். அதைப் போட்டால்தான் சனம் உள்ளே வரும் என்று முதலாளி யோகேஸ்வரனுக்கு நினைப்பு. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகும் காதுக்குள் கிணுகிணு. காலும் வலி, காதும் வலி.

டிசம்பர் 8, ஞாயிறு

பூசை முடிந்து கரோல் ஒத்திகை. எட்டுப் பாட்டு எழுதிக் கொடுத்தேன். உபதேசியார் மரியநாயகம் ஐயா பட்டியலைப் பார்த்துவிட்டு, "நம்ம தோட்டத்துப் பாட்டு எங்கம்மா? அது இல்லாம லயத்துல விடுவாங்களா?" என்றார். தொண்டை சரியில்லை, அது மேலே ஏறுகிற பாட்டு என்றேன். பொய்.

கல்யாணமான வருசம் என் வீட்டுக்காரர் ஜூட்சன் கட்டியது. கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் குழந்தை யேசு பிறந்தாராம், கணக்கப்பிள்ளை வந்து பேர் பதிந்தாராம். பதினேழு வருசமாகத் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், எல்லா லயத்திலும் கேட்டு வாங்குகிறார்கள். பாடி முடித்ததும் அடுத்த கேள்வி, "ஜூட்சன் எப்ப வர்றாரு?" என்ன சொல்ல? கத்தாரில் வேறொருத்தியோடு குடும்பம் நடத்துகிறார், மூன்று வருசமாகப் போன்கூட இல்லை என்றா? "அடுத்த வருசம்" என்கிறேன். எத்தனை அடுத்த வருசம்?

டிசம்பர் 12, வியாழன்

மழை. மணிப் பாட்டு. வேறொன்றுமில்லை.

டிசம்பர் 14, சனி

சாயந்தரம் கரோல் போனோம். அந்தப் பாட்டைக் கேட்ட வீடுகளில் தொண்டையைச் சாக்குச் சொன்னேன். எங்கள் லயத்தின் கடைசி வீடு நாகலெட்சுமி அக்காவுடையது. அவர் வீட்டுக்காரர் சோலைமலை அண்ணன் ஆகஸ்டில் தவறிப்போனார். மாரியம்மன் கோயில் ஆள்தான், ஆனால் ஜூட்சன் பாட்டு என்றால் உயிர். பிஸ்கட் டின்னில் தாளம் போட்டு, இரண்டு தடவை பாட வைப்பார்.

அங்கே போனால் அதைப் பாடாமல் தப்ப முடியாது. "எழவு விழுந்த வீடு, வருசம் திரும்பலையே. அங்க பாடுறது சரியில்லங்க" என்று நான்தான் சொன்னேன். "ஆமா, அவங்க தீவாளிகூட கொண்டாடல" என்றார் ஐயா. டோலக்கை நிறுத்தி, சத்தமில்லாமல் கடந்து போனோம். மரியாதைக்கு என்று எல்லாரும் நினைத்தார்கள். முன்வாசல் இஸ்தோப்பில் விளக்கு எரிந்தது. பார்த்தேன். நின்றேனா? இல்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

பீலியில் தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் அக்கா.

"இருவது பேருக்கு தேத்தண்ணி ஊத்தி வச்சிருந்தேன் புள்ள. எங்க வீட்ட மட்டும் தாண்டிப் போயிட்டீங்களே."

துக்க வீடு என்பதால் என்று இழுத்தேன்.

"தீவாளி எங்களுது, அத விட்டேன். இது அவரு ஆசப்பட்ட பாட்டு. அதையும் ஏன் விடச் சொல்றீங்க?"

வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். வெக்கமா இருக்கு. அவங்க துக்கத்த எடுத்து என் பொய்ய மூடியிருக்கேன். நானெல்லாம் என்ன மனுசி.

டிசம்பர் 18, புதன்

மணிப் பாட்டு பத்தொன்பது தடவை. கூட நிற்கிற கிருஷாந்தி அதற்குத் தலையாட்டிக்கொண்டே சேலை மடிக்கிறாள். "இது கேட்டாத்தாங்க்கா எனக்கு கிறிஸ்மஸ்." எனக்குப் பிடிக்காத பாட்டு யாருக்கோ பிடித்துத்தான் இருக்கிறது.

டிசம்பர் 22, ஞாயிறு

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு தனியாக அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன். "பாடவாக்கா?" அக்கா எழுந்தார். உள்ளே போனவர் பிஸ்கட் டின்னோடு வந்து உட்கார்ந்தார்.

பாடினேன். கணக்கப்பிள்ளை வருகிற இடத்தில் குரல் உடைந்துவிட்டது. அக்கா நிறுத்தவில்லை, தாளம் தப்பித் தப்பித் தட்டிக்கொண்டே இருந்தார். அழுதுகொண்டே முடித்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன், "அவரு வரமாட்டாருக்கா."

"தெரியும் புள்ள. முந்தின வருசமே எங்க வீட்டுக்காரரு சொல்லிட்டாரு, அந்தப் புள்ளகிட்ட அதக் கேக்காதன்னு. தேத்தண்ணி ஆறிப்போகுது, குடி."

திரும்பி வருகிறபோதுதான் உறைத்தது. இந்த லயத்தில் அந்தக் கேள்வியைக் கேட்காத ஒரே வீடு அதுதான். அதைத்தான் தாண்டிப் போயிருக்கிறேன்.

டிசம்பர் 25, புதன்

காலைப் பூசை முடிந்து மாதா கோயில் முற்றத்தில் ஜூட்சன் பாட்டைப் பாடினோம். முடிந்ததும் யாரோ அதே கேள்வியைக் கேட்டார்கள். "வரமாட்டாரு" என்றேன். படிக்கட்டில் டின்னை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த நாகலெட்சுமி அக்கா, "இன்னொரு தடவ பாடு புள்ள" என்றார்.

பாடினேன். தொண்டைக்கு ஒன்றுமில்லை.