சட்டை மாட்டும் ஆணி

"வெல கம்மியான கார்டு வாங்குனா இப்படித்தான் கம்ப்யூட்டர் பாதியில நிக்கும்" என்று கணவன் மதிவாணன் சொன்னதிலிருந்து சிவசங்கரி அவனோடு பேசவில்லை. கல்யாண வீடியோ எடிட்டிங்குக்காக அவளே தேடி வாங்கிய கிராபிக்ஸ் கார்டு அது. காலையில் கழற்றிப் பார்த்தாள். ஃபேன் இடுக்கெல்லாம் வெள்ளை மாவு. அவன் வேலை செய்யும் செராமிக் பட்டறை மாவு. பிரஷ்ஷால் துடைத்து மாட்டிவிட்டுச் சீட்டு எழுதினாள்.

"சாம்பார் அடுப்பு மேல இருக்குது. பெண்ணாடத்துக்காரங்க வீடியோ வாங்க வருவாங்க, டீ போட்டுக் குடுங்க. வெளிய போனா சாவிய பக்கத்து வூட்டுல குடுங்க. கம்ப்யூட்டர் இப்ப நிக்கல."

வண்டிவரை போனவள் திரும்பி வந்து, அடியில் நெருக்கி எழுதினாள்.

"கம்ப்யூட்டருக்கு மேல இருந்த ஆணியப் புடுங்கி, வூட்டுக்கு வெளிய பின்பக்கச் சுவத்துல அடிச்சிருக்கேன். இனிமே சட்டைய அங்க உதறி மாட்டுங்க."