முதலில் நுழையும் அறை

மார்ச் 4, திங்கள்
செண்டாயானில் வரப்போகும் ஆபீஸ் கட்டடத்தின் பிளானில் ஏட்ரியத்தைச் சிறிதாக்க வேண்டுமாம். வாசலைத் தாண்டியதும் கூரைவரை திறந்து கிடக்கும் கூடம் அது. "சும்மா கெடக்குற எடந்தானே லா" என்கிறார் பாஸ். வரைகிறவளுக்கல்லவா தெரியும். உள்ளே வருகிறவர் மூச்சு விட்டு, எந்தப் பக்கம் போவதென்று பார்க்கிற இடம்.

மார்ச் 7
என் வீட்டுக்காரர் ராய்ஸ்டனுக்கு ஏன் படியேறினால் இளைக்கிறது என்று தெரிந்துவிட்டது. இதயத்தில், ஏட்ரியச் சுவரில் ஓட்டை. பிறவியிலேயே வந்து இத்தனை வருஷம் ஓசியில் குடியிருந்திருக்கிறது. "உடம்பு முழுக்கப் போன ரத்தம் திரும்பி வந்து மொதல்ல நொழையிற அறை" என்றார் டாக்டர்.

அதே சொல். வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினேன். பழைய ரோமாபுரி வீடுகளின் முன்கூடம், பழைய தேவாலயங்களின் முன்முற்றம், கடைசியில்தான் இதயம். பிளானில் தப்பென்றால் அழித்து வரைவேன். இது அவர் நெஞ்சு.

மார்ச் 10, ஞாயிறு
வீட்டில் சண்டை. ஃபாதர் வந்து எண்ணெய் பூசி ஜெபித்தால்தான் ஆபரேஷனுக்கு வருவேன் என்கிறார் இவர். மாமியார் குளோரியா கூடவே கூடாது என்கிறார்.

"எஸ்டேட்ல ஃபாதர் மோட்டாரு லயத்து முன்னால நின்னா, யாரோ போகப்போறாங்கன்னு அர்த்தம். எங்கப்பாவுக்குப் பூசினாங்க, விடியறதுக்குள்ள போயிட்டாரு. எம்புள்ளைக்கு வேணாம்."

இப்போது எல்லா நோயாளிகளுக்கும் பூசுகிறார்கள் அத்தை என்றேன். செவிடன் காதில் ஊதிய சங்கு. இவர் ஆபரேஷனுக்குப் போகாமலே இருந்துவிட்டால்? நான் என்ன பண்றது?

மார்ச் 12
வெள்ளிக்கிழமை ஆபரேஷன். அம்மாவும் பிள்ளையும் பேசிக்கொள்வதில்லை.

மார்ச் 14
மத்தியானத்திலிருந்து அத்தையைக் காணோம். போனும் எடுக்கவில்லை. சாயங்காலம் ஃபாதரின் காரிலிருந்து இறங்கினார். தெமியாங் சர்ச்சுக்குப் போய் அத்தையே அவரைக் கூட்டி வந்திருக்கிறார். ஹாலில் வாசலை ஒட்டி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, முக்காட்டை விலக்கினார்.

"மொதல்ல எனக்குப் பூசுங்க ஃபாதர். எங்கப்பாவக் கூட்டிட்டுப் போனது இந்த வீட்டுக்குள்ள வந்தா, மொதல்ல என்னைத்தான் பாக்கணும்."

ஃபாதர் பூசினார். அப்புறம் இவருக்கு. நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

மார்ச் 19
இவர் வீட்டுக்கு வந்துவிட்டார். ஓட்டையை அடைத்துவிட்டார்கள். அத்தை மட்டும் இன்னும் தன் அறைக்குப் போகவில்லை, வாசலோரம்தான் பாய்.

ஆபீசில் ஏட்ரியத்தைச் சிறிதாக்கிக் கொடுத்தேன். வாசலை ஒட்டி, யாரும் கேட்காத ஒரு நாற்காலியையும் வரைந்து வைத்தேன்.