நிரோஜாவுக்குப் போட்ட ஒன்பது சரி

வெள்ளி
பயணத்தடை பத்தொன்பதாம் நாள். விடியமுன்பே சோளகக் காற்று. யன்னல் விளிம்பில் கடல் மணல்.

இன்று எங்கள் விரிவுரையாளர் சேரிடம் சொல்லாதது: நிரோஜாவின் படிவத்தை நிரப்பியது நான்.

வீடுகளில் அடைபட்ட மாணவரின் உடற்பயிற்சியும் மனநிலையும் சேருடைய ஆய்வு. எங்கள் குழுவில் பத்துப் பேர். கைபேசி எண்ணும் காலடிகள் தாமாகவே குழுவில் வந்து விழும். வெள்ளிதோறும் ஒன்பது கேள்விகள். சேகரித்து அனுப்புவது என் பொறுப்பு. "எந்நாளும்" என்பதில் நிறையச் சரி விழுந்தால் ஆலோசகர் வீட்டுக்குப் போன் எடுப்பார்.

நேற்று அவளிடம் போனில் கேட்டேன்.
"எனக்கு ஏலாதடி. நீயே போட்டுவிடு."
"என்னெண்டு போட?"
"லெக்சருக்குச் சைன் போடேக்கை என்னைக் கேட்டனியோ?"

சிரித்துவிட்டேன். அவள் ஓட்டப் பயிற்சிக்குப் போகும் காலைகளில் வரவுத்தாளில் அவளுடைய கையெழுத்து என்னுடையதுதான். மூன்று வருடப் பழக்கம். அதே கையால் ஒன்பதுக்கும் "ஒருபோதும் இல்லை". நித்திரை வராமல் இருந்ததா? ஒருபோதும் இல்லை. இருந்து என்ன பயன் என்று தோன்றியதா? ஒருபோதும் இல்லை.

சேர்: "எல்லாரும் தானே நிரப்பினது?"
"ஓம் சேர்."

சனி
கிணற்றடியில் கயிறடித்தேன், இருநூறு. அம்மா குசினியிலிருந்து: "மெல்லப் பாய் பிள்ளை, சீமெந்து வெடிக்கப் போகுது."
சாமான் லொறி வந்தால்: சவர்க்காரம், பருப்பு, பேனை.

நிரோஜாவின் காலடிகள், செவ்வாயிலிருந்து: 9,200. 4,000. 610. 88.

88 எவ்வளவு என்று நடந்து பார்த்தேன். என் கட்டிலிலிருந்து கழிப்பறைக்கு இரண்டு தடவை, அவ்வளவே. நானூறு மீற்றரில் யாரும் பிடிக்க முடியாதவள்.

அழைத்தேன். எடுக்கவில்லை. எங்கள் தொண்டைமானாற்றிலிருந்து அவளுடைய அளவெட்டி அரைமணி நேரம். பாஸ் இல்லாமல் சந்தியைக்கூடத் தாண்ட முடியாது.

ஞாயிறு
நிரோஜா இன்று 14,300!
"ஆள் எழும்பீட்டாள்" என்று குழுவில் போட்டேன். ஒரே கைதட்டல். அவளிடமிருந்து மட்டும் பதில் இல்லை. பரவாயில்லை, நடக்கிறாளே. படிவத்தைக்கூடச் சரியாகத்தான் நிரப்பியிருக்கிறேன் என்று நினைத்தேன். பகல் முழுக்க வாசிப்பு. இரண்டு தடவை தேநீர்.

திங்கள்
மத்தியானத்துக்குள் 7,100. அழைத்தேன். எடுத்தது அவளுடைய அண்ணை. பின்னால் நீர் இறைக்கும் மெசின் சத்தம்.

"தங்கச்சி, போன் என்னட்டை. என்ரை பழுதாப் போச்சு. சனிக்கிழமை பின்னேரத்திலை இருந்து இதைத்தான் தோட்டத்துக்குக் கொண்டு திரியிறன்."
"நிரோஜா?"
"அவள் அறைக்குள்ளை பூட்டிக்கொண்டு கிடக்கிறாள். சாப்பாடும் இல்லை. தட்டினால் 'ஓம், வாறன்' எண்டுவாள், வரமாட்டாள். சோதனை இல்லையெல்லே, சோம்பல் பிடிச்சிட்டுது."

உடனே சேருக்குப் போன் எடுத்தேன். சாப்பிடுகிறாளில்லை, வெளியே வருகிறாளில்லை என்று சொன்னேன். படிவத்தைப் பற்றிச் சொல்லவில்லை.
"முதலே ஏன் பிள்ளை சொல்லேல்லை?"
"காலடிகளைப் பாத்து நம்பீட்டன் சேர்."
அதுவும் உண்மை. அதனால்தான் அவ்வளவு லேசாக வந்தது.

செவ்வாய்
காலையில் சேர் சொல்லி அவள் வீட்டுக்கு அம்புலன்ஸ். அண்ணை கதவுப் பூட்டைக் கழற்ற வேண்டியிருந்ததாம். சேலைன் ஏறுகிறது.

பின்னேரம் அண்ணையே அழைத்தார். "டொக்டர் வடிவாத்தான் விசாரிச்சவர். உவள் வாயே திறக்கேல்லை. பிறகு சேர் போனிலை அனுப்பின படிவத்தைக் காட்டினன். வாசிச்சுப்போட்டு, மனசிலை ஒண்டுமில்லை, சாப்பிடாத பலவீனம்தான் எண்டார். அம்மாவுக்கு இப்பத்தான் மூச்சு வந்தது."
"அண்ணை, அது..."
"என்ன தங்கச்சி?"
"ஒண்டுமில்லை. அம்மாவைக் கவனமாய்ப் பாருங்கோ."

புதன்
மேகம் மட்டும், மழை இல்லை. பல் தீட்டும்போது, முகம் கழுவும்போது சொல்லிப் பார்த்தேன்: சேர், அந்தப் படிவம். சேர், அந்தப் படிவம்.

பத்தேகாலுக்கு அழைத்துச் சொன்னேன். ஒன்பது சரியும் நான் போட்டது. சேர் ஏசவில்லை. "போனை வை பிள்ளை" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்தார்.

கொரோனாக்காரருக்குக் கட்டில் போதவில்லையாம். நிரோஜாவுக்குப் பத்து மணிக்கே துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இப்போது ஒரு மணி. சேரும் நானும் மாறி மாறி அழைக்கிறோம், எடுக்கிறார்களில்லை. குழுவில் அவளுடைய காலடிகள் 2,900, ஏறிக்கொண்டிருக்கின்றன. போன் அண்ணையோடு தோட்டத்தில், மெசின் சத்தத்துக்குள்.