கலியாண விருந்தில் நீ அடித்த தமாஷ்

ஸ்டூபன்வில், ஒஹாயோ
நவம்பர் 1987

வெண்டெலுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம், வேளைக்குச் சாப்பிடுகிறோம். போர்ட்லண்டில் நீயும் சுகமாகத்தான் இருப்பாய், உன் வாய்க்கு ஒரு குறையும் வராது. அம்மாவுக்கு முழங்கால் வலி விடவில்லை, முதல் பனி விழுந்துவிட்டது, வாசற்படியில் கிடந்ததை நான்தான் வாரித் தள்ளினேன். உன் தங்கை டோரீனும் மாப்பிள்ளையும் தேனிலவு முடிந்து வந்துவிட்டார்கள். உனக்கு எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன், அம்மாதான் "பெத்த பிள்ளைகிட்ட என்னங்க வீம்பு, மனசுல இருக்கறத எழுதித் தொலைங்க" என்றாள். எழுதித் தொலைக்கிறேன்.

தங்கை கலியாணத்தில் கையில் கோப்பையோடு எழுந்தாய். கொரியா சண்டையில் இரண்டு விரலைப் பறிகொடுத்த சம்பந்தியைப் புகழ்ந்தாய், சரி, அவர் அதற்குத் தகுந்த மனுஷர். அதோடு உட்கார்ந்திருக்கலாம். "எங்க அப்பாவும் மரீன் பட்டாளத்துல இருந்தவருதான், ஆனா சர்க்கார் காசுல உல்லாசக் கப்பல் ஏறி ஊர் பார்த்துட்டு வந்தவரு, ஒரு கொசுவக்கூட சுட்டதில்ல" என்றாய். மண்டபமே சிரித்தது.

அந்த உல்லாசக் கப்பலின் லட்சணத்தைக் கேள். அடுக்கடுக்காகக் கான்வாஸ் படுக்கை, மேலே படுத்தவன் முதுகு என் மூக்கில் உரசும், புரள வேண்டுமானால் கீழே இறங்கி மறுபடி ஏற வேண்டும். டீசல் நாற்றம், பக்கத்துக்காரன் வாந்தி, உப்புத் தண்ணீரில் குளியல், சோப்பு நுரைக்காது, உடம்பெல்லாம் சொறி. வரிசையில் நின்று தட்டை வாங்கினால் கப்பல் சாயும், முன்னால் நிற்பவன் முதுகெல்லாம் பட்டாணி. இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரம் பார்த்தேன், இல்லையென்று யார் சொன்னது. நானும் என்னோடு பட்டாளத்தில் இருந்த லெஸ்டர் கோவாக்கும் ஒரு பகல் சுற்றினோம். மீன் விற்கிறவள் ஒருத்தி எங்களைக் கண்டபடி திட்டினாள், லெஸ்டர் தொப்பியைக் கழற்றி அவளுக்குக் கும்பிடு போட்டான், அவளே சிரித்துவிட்டாள். 1959, எங்கேயும் எங்களுக்குச் சண்டை இல்லை.

அடுத்த வாரம் சார்டினியா தீவுக்குப் பக்கத்தில் கரையிறங்கும் ஒத்திகை. கப்பலின் பக்கவாட்டில் கயிற்று வலையைத் தொங்கவிடுவார்கள், முதுகில் மூட்டையோடு அதைப் பிடித்து இறங்கி, கீழே ஆடுகிற படகில் குதிக்க வேண்டும். லெஸ்டர் எனக்கு முன்னால் இறங்கினான். அவன் கால் வலையில் சிக்கிக்கொண்டது, அலை படகைத் தூக்கிக் கப்பலோடு மோதியது, நடுவில் அவன் கால். அந்தச் சத்தத்தை எழுத மாட்டேன். எட்டி அவன் மூட்டை வாரைப் பிடித்துக்கொண்டேன், "விட்டுடாதடா ஹார்லன், விட்டுடாதடா" என்று அலறினான். விடவில்லை. ஆஸ்பத்திரியில் அந்தக் காலை வெட்டி எடுத்துவிட்டார்கள். சண்டையில் போகாத காலுக்குப் பதக்கம் கிடையாதாம்.

கலியாணத்தில் என் பக்கத்தில் கைத்தடியோடு உட்கார்ந்திருந்தவரை அம்மா வழி உறவு என்று நினைத்துக் கை குலுக்கினாயே, அவன்தான் லெஸ்டர். ஈரி நகரத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தான். நீ பேசியபோது அவனும் சிரித்தான். திரும்பக் கொண்டுவிடும்போது காரில், "பையன் சொன்னது நெசந்தானே, நாம யாரைச் சுட்டோம்" என்றான். பிறகு பஸ் நிலையம் வரும்வரை சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

என்னைச் சொன்னதற்காக நான் எழுதவில்லை. இரண்டு காலோடு திரும்பியவன், என்னை என்ன வேண்டுமானாலும் பேசு. டெலிபோனில் "சும்மா தமாஷுப்பா" என்று அம்மாவிடம் சொன்னாயாமே, அந்தத் தமாஷை லெஸ்டர் முகத்துக்கு நேரே சொல்லிப் பார்.

தேய்ந்த டயரோடு மலைச்சாலையில் போகாதே. குடித்தால் உட்கார்ந்து குடி, எழுந்து நின்று பேசாதே. கர்த்தர் உன்னைக் காக்கட்டும் என்று அம்மா ஜெபித்திருக்கிறாள், எனக்கு இந்த வாரம் வாய் வரவில்லை. நன்றித் திருநாள் விருந்துக்கு லெஸ்டர் வருகிறான், மறக்காதே, வந்தால் அவனுக்கு எதிர் நாற்காலிதான் உனக்கு. "பையன் வருத்தப்பட்டானா?" என்று போனில் கேட்டான். ஆமாம் என்றேன். உனக்காக நான் சொன்ன முதல் பொய் அது, இன்னொன்று சொல்ல வைக்காதே.

உன் அப்பன்,
ஹார்லன் பிரூயிட்